சலவைக்கல்லின் ஓரத்தில் பச்சைப் பட்டை: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): கண்டிக்கு அப்பால் திகனைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, டொலமைட்டுக் கல் வெட்டும் குழிக்கு அருகே கிடந்த ஒரு துண்டைப் பிள்ளைகள் எடுத்து வந்தார்கள். அதன் ஒரு பக்கம் சீனிக்கட்டி போல வெள்ளையாக இருக்கிறது. மறு பக்கம் வெளிறிய ரோசா நிறம். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கரும்பச்சைப் பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டையின் ஓரத்தில் பொன்னைப் போல மின்னும் தகடுகளைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அதைத் தங்கம் என்றே நம்புகிறார்கள். அது உண்மையில் என்ன? துண்டையும் உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

பதில்: பிள்ளைகளிடம் மெதுவாகச் சொல்லுங்கள்; அது பொன் அல்ல, காக்காப்பொன். மைக்கா இனத்தில் புளோகோபைட்டு என்று பெயர் பெற்ற வகை அது. சோதித்துப் பார்ப்பதும் எளிது. ஒரு தகட்டை நகத்தால் நெம்பி எடுத்து, சற்று வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் அது துள்ளி நிமிர்ந்துவிடும். தங்கத் தகடு வளைத்தபடியே கிடக்கும்.

தீப்பெட்டி அளவான உங்கள் துண்டு இதை எழுதும்போது என் மேசையில்தான் இருக்கிறது. சலவைக்கல்லான வெள்ளைப் பக்கத்தில் பேனாக்கத்தி எளிதாகக் கீறுகிறது. அங்கே தேசிக்காய்ச் சாறு ஒரு துளி விட்டபோது முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கத்தியால் சுரண்டிய தூளின் மேல் விட்டபோது மிக நுண்ணிய குமிழ்கள் எழுந்தன. இது டொலமைட்டின் இயல்பு. சாதாரணச் சுண்ணக்கல்லின் கனிமமான கல்சைட்டாக இருந்திருந்தால் இவ்வளவு தயங்கியிராது. பச்சைப் பட்டையில் கதை வேறு: கத்தி அதைக் கீறுவதற்குப் பதிலாகத் தன் உலோகத்தையே சாம்பல் நிறக் கோடாக அதன் மேல் விட்டுச் செல்கிறது, சாறு எவ்வளவு விட்டாலும் ஒரு குமிழ்கூட எழுவதில்லை. பெரும்பாலும் டயப்சைட்டு என்ற கனிமமாலான பட்டை அது. ரோசா நிறப் பக்கம் பெல்ஸ்பாரும் படிகக்கல்லும் பெருமணிகளாகக் கோத்த பெக்மடைட்டு, அதாவது ஆழத்தில் உருகிய குழம்பு (மக்மா) வெடிப்புகளில் நுழைந்து இறுகிய தீப்பாறை.

வெள்ளைக் கல்லில் இருப்பவை கல்சியம், மகனீசியம், காபன், ஒட்சிசன் ஆகியவை. ரோசாக் கல்லில் சிலிக்கன், அலுமினியம், பொற்றாசியம், சோடியம், ஒட்சிசன் ஆகியவை உள்ளன. நடுவிலுள்ள பச்சை டயப்சைட்டோ கல்சியத்தையும் மகனீசியத்தையும் வெள்ளைப் பக்கத்திடமிருந்தும், சிலிக்காவை (சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்தது) ரோசாப் பக்கத்திடமிருந்தும் வாங்கிக் கட்டப்பட்டது. காக்காப்பொன்னுக்கு மகனீசியம் வெள்ளைப் பக்கத்திலிருந்தும், பொற்றாசியமும் அலுமினியமும் ரோசாப் பக்கத்திலிருந்தும் வந்தன. அதன் கட்டமைப்புக்குள் இருக்கும் நீரின் கூறு இரண்டு கல்லுக்கும் சொந்தமானதல்ல. அது இடையே ஓடிய சூடான பாய்மம் (நீர் மிகுந்த கரைசல்) விட்டுச் சென்றது. இவ்வாறு இரண்டு பாறைகளின் சரக்கும் கைமாறி உண்டாகும் பாறையை ஸ்கார்ன் என்பார்கள். சுவீடனின் இரும்புச் சுரங்கத் தொழிலாளர் தாதோடு சேர்ந்து வரும் பயனற்ற கல்லுக்கு இட்டு வழங்கிய பெயர் அது. 1875இல் தோர்னேபோம் என்ற புவியியலாளர் பேர்ஸ்பேரி சுரங்கத்தைப் பற்றி எழுதியபோது அதை அறிவியலுக்குள் கொண்டுவந்தார். கழிவுக்கல்லின் பெயரால் அழைக்கப்படும் இந்தப் பாறைகளிலிருந்தே இன்று செம்பும் தங்குதனும் தங்கமும் வெட்டி எடுக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு ஆறுதலாகச் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் நாட்டு மத்திய மலைப்பகுதியின் சலவைக்கற்கள் ஏறத்தாழ 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டவை. அந்த ஆழத்தில், அருகருகே இருந்த பழைய படிவுப் படைகள்கூடத் தமக்குள் பண்டமாற்றுச் செய்து இதே கனிமங்களை உண்டாக்கியிருக்கின்றன. அதற்குத் தீப்பாறை ஊடுருவல் தேவைப்படவில்லை. ஆகவே இலங்கையில் பச்சைப் பட்டையைக் கண்டவுடன் ‘இங்கே மக்மா வந்தது’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உங்கள் துண்டில் பெக்மடைட்டின் பெருமணிகள் கண்முன்னே இருப்பதால்தான் துணிந்து சொல்கிறேன்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, உயர்தர மாணவர்): சூடான மக்மா ஊடுருவும்போது அருகிலுள்ள சுண்ணக்கல் ‘சுடப்பட்டு’ சலவைக்கல்லாகிறது என்று படித்தோம். வெப்பம் ஒன்றே போதுமென்றால், சூடான கரைசல்களைப் பற்றி ஏன் தனியாகப் பேசுகிறார்கள்?

பதில்: ‘சுடப்பட்டு’ என்ற சொல்லே எனக்கு அவ்வளவு உவப்பில்லை. செங்கல்லைச் சூளையில் சுடுவதுபோன்ற ஒரு படத்தை அது மனத்தில் பதித்துவிடுகிறது. அந்தப் படம் பாதிதான் சரி. வெப்பம் மட்டும் பட்ட தூய சுண்ணக்கல்லில் நடப்பது, அதன் நுண்மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிய மணிகளாக வளர்வதே. சேர்க்கை மாறுவதில்லை, முன்பும் கல்சியம் காபனேற்று, பின்பும் அதுவே. புதிய கனிமம் உண்டாக வேண்டுமென்றால் வெளியிலிருந்து சரக்கு வர வேண்டும், அல்லது கல்லுக்குள்ளேயே மணலோ களியோ முன்பே கலந்திருக்க வேண்டும்.

சரக்கு வருவதற்கு வண்டி வேண்டும். வெப்பம் கல்லினூடாகத் தானே கடந்து செல்லும். 1,000 ஆண்டுகளில் ஏறத்தாழ 200 மீற்றர் தூரத்துக்கு அதன் தாக்கம் எட்டிவிடும். ஆனால் அதே 1,000 ஆண்டுகளில், திண்மக் கனிமத்தின் ஊடாக ஒரு சிலிக்கன் அணு நகரும் தூரம் ஒரு மில்லிமீற்றரைக்கூடத் தொடாது. மீற்றர் கணக்கிலும் சில இடங்களில் நூறு மீற்றர் கணக்கிலும் தடிப்பான ஸ்கார்ன் பட்டைகள் உலகில் இருப்பதை வெப்பத்தைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. வெடிப்புகளின் வழியேயும் மணிகளுக்கிடையிலான இடுக்குகளின் வழியேயும் பாய்ந்த ஒன்றுதான் சிலிக்காவையும் இரும்பையும் சுமந்து சென்றிருக்க வேண்டும்.

அந்தப் பாய்மம் எங்கிருந்து வருகிறது? ஆழத்தில் அழுத்தத்தின்கீழ் இருக்கும் கருங்கல் மக்மாவில் நூற்றுக்குச் சில பங்கு நீர் கரைந்திருக்கும். பாகு கற்கண்டாக இறுகும்போது கற்கண்டு சீனியை மட்டும் எடுத்துக்கொள்ள, மற்றவையெல்லாம் மிஞ்சும் பாகில் சேர்ந்துகொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். மக்மாவிலும் பெல்ஸ்பாரும் படிகக்கல்லும் நீரை ஏற்காமல் படிகமாகிக்கொண்டிருக்க, எஞ்சும் குழம்பில் நீரும் குளோரினும் போரனும் உலோகங்களும் செறிந்து, இறுதியில் குழம்பாலும் தாங்க முடியாமல் நீர் தனியே பிரிகிறது. 500, 600 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் பல நூறு வளிமண்டல அழுத்தத்திலும் உள்ள அந்த உப்புக் கரைசலை நீரென்றும் சொல்ல முடியாது, ஆவியென்றும் சொல்ல முடியாது; அதனால்தான் பாய்மம் என்ற பொதுச் சொல்.

அது சலவைக்கல்லைத் தொட்டதும் நடக்கும் மிக எளிய தாக்கம் இது: கல்சியம் காபனேற்றும் சிலிக்காவும் சேர்ந்து வொலாஸ்டனைட்டு என்ற கல்சியம் சிலிக்கேற்றாகின்றன, காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. 1911இல் நோர்வேயின் கிறிஸ்தியானியா (இன்றைய ஒஸ்லோ) வட்டாரத்துத் தொடுகைப் பாறைகளை ஆராய்ந்த கோல்ட்ஸ்மிட் இத்தகைய தாக்கங்களை வெப்ப இயக்கவியலின் கணக்குக்குள் கொண்டுவந்தார். கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 100 கிராம் கல்சைட்டும் 60 கிராம் சிலிக்காவும் சேர்ந்தால் 116 கிராம் வொலாஸ்டனைட்டு கிடைக்கும். 44 கிராம் வாயுவாகப் போய்விடும். எடையைவிடக் கனவளவுதான் சுவாரசியமானது: கல்சைட்டும் படிகக்கல்லும் அடைத்திருந்த இடத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே வொலாஸ்டனைட்டு நிரப்புகிறது. மீதி மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குள் மேலும் பாய்மம் நுழைகிறது, மேலும் தாக்கம் நடக்கிறது, மேலும் இடம் திறக்கிறது. இறுக்கமான சலவைக்கல்லுக்குள் கரைசல் எப்படிப் புகுந்தது என்று கேட்பவர்களுக்கு இதில் விடை இருக்கிறது: பெரும்பகுதி வழியைத் தாக்கமே வெட்டிக் கொடுத்தது. வெளியிலிருந்து வரும் சிலிக்காவே அந்த இடத்தை நிரப்பிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு. அப்போது துவாரம் குறைவாகத் தெரியும்.

நீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொழும்பில் ஐப்பசி மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரம் காயாமல் தொங்குவதும், அதே துணி ஆடிக் காற்றில் வவுனியாவில் ஒரு மணி நேரத்தில் மொரமொரப்பதும் எதனால்? துணியிலுள்ள நீர் வெளியேற, சுற்றியுள்ள காற்றில் அதற்கு இடம் இருக்க வேண்டும். கல்சைட்டிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறுவதும் இப்படித்தான். சுற்றிலும் தூய காபனீரொட்சைட்டே நிறைந்திருந்தால், ஏறத்தாழ 7 கிலோமீற்றர் ஆழத்து அழுத்தத்தில் வொலாஸ்டனைட்டு உண்டாக 700 பாகைக்கு மேல் வேண்டும். நீர் மிகுந்த பாய்மம் ஓயாமல் பாய்ந்து அந்த வாயுவைக் கழுவிக்கொண்டு போனால் 600 பாகைக்குக் கீழேயே அது உண்டாகிவிடும். ஆகவே, ஒரு பாறையில் வொலாஸ்டனைட்டு இருப்பதைக் கண்டு ‘இங்கே இவ்வளவு வெப்பம் இருந்தது’ என்று உடனே எழுதிவிட முடியாது. அங்கே என்ன பாய்ந்தது என்றும் கேட்க வேண்டும். தேர்வு விடைத்தாளில் இந்த ஒரு வரியை எழுதும் மாணவரைக் கண்டால் திருத்துபவர் மகிழ்வார் என்பது என் எண்ணம்.

பாய்மம் ஓடிய திசையைப் பட்டைகளின் வரிசையே காட்டிக் கொடுக்கும். கல்சைட்டுச் சலவைக்கல்லில் வளர்ந்த ஸ்கார்னில், ஊடுருவிய பாறையை ஒட்டிச் செம்பழுப்புக் கானற்று (நகைக்காரர் கோமேதகம் என்ற பெயரில் விற்கும் மணிகளில் ஒரு பகுதி இந்த இனத்தது), அதற்கப்பால் பச்சைப் பைரொட்சீன் (டயப்சைட்டு சேர்ந்த இனம்), சலவைக்கல்லைத் தொடும் முனையில் வெள்ளை வொலாஸ்டனைட்டு என்று அடுக்காக அமைவது வழக்கம். ஒவ்வொரு எல்லையும் கத்தியால் வெட்டியதுபோலக் கூர்மையாக இருப்பதுண்டு. படிப்படியாகக் கலங்கி மாறாமல் ஏன் இப்படித் திடீரென்று மாறுகிறது என்ற கேள்விக்கு, பாயும் கரைசலில் ஒவ்வொரு இடத்திலும் அந்தந்த இடத்துக்குரிய சமநிலை நிலவும் என்ற அடிப்படையில் உருசிய அறிஞர் கொர்ஜின்ஸ்கி கொடுத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. மாற்றம் சலவைக்கல் பக்கத்தில் மட்டும் நிற்பதில்லை. தீப்பாறையும் கல்சியத்தை உறிஞ்சித் தன் ஓரத்தில் உருமாறும். அதை அகஸ்கார்ன் என்றும், சலவைக்கல் பக்கத்தை புறஸ்கார்ன் என்றும் பிரித்துச் சொல்லலாம். பொதுவாகப் புறத்தே உள்ளதுதான் தடிப்பு, ஏனெனில் சலவைக்கல்தான் எளிதில் கரைகிறது.

குளிரும் காலத்தில் இரண்டாம் கட்டம் தொடங்கும். வெப்பநிலை ஏறத்தாழ 400 பாகைக்கு இறங்கும்போது, முன்பு உண்டான கானற்றும் பைரொட்சீனும் நீரேறிய கனிமங்களாக, எபிடோட்டாகவும் குளோரைட்டாகவும், சிதைகின்றன. உலோகங்களில் பெரும்பகுதி படிவதும் இந்தக் காலத்தில்தான்: குளோரினின் துணையோடு அமிலக் கரைசலில் கரைந்து வந்த செம்பு, காபனேற்றுக் கல் அந்த அமிலத்தை முறித்தவுடன் கரைந்திருக்க வழியின்றிச் சல்பைட்டாகப் படிகிறது. இந்தோனேசியப் பப்புவாவில் 1936இல் ஓர் ஒல்லாந்து ஆய்வுக் குழு கண்டு ‘தாதுமலை’ என்று பெயரிட்ட ஏர்ட்ஸ்பேர்க், பெருவின் அந்தமீனா ஆகியவை இத்தகைய செம்புப் படிவுகள். தங்குதனின் தாதான ஷீலைட்டு இதற்கு இன்னும் அழகான சான்று. தங்குதன் மக்மாவிலிருந்து வந்தது. ஷீலைட்டிலுள்ள கல்சியம் சலவைக்கல் கொடுத்தது. ஊதாக்கடந்த ஒளியில் அது நீலமாக ஒளிரும் என்பதால் இரவில் விளக்குடன் தேடிச் செல்வோர் உண்டு.

கேள்வி (செட்டியார் தெரு, நகைக்கடை ஊழியர்): நீலக்கல் ஆற்று இல்லத்தில் கிடைப்பது தெரியும். அது சலவைக்கல்லின் ஓரத்தில் பிறக்கிறது என்று ஒரு வியாபாரி சொன்னார். வெறும் கதையா?

பதில்: கதையல்ல, ஆனால் எல்லா நீலக்கல்லுக்கும் பொருந்துவதும் அல்ல. இல்லம் என்பது கற்கள் பிறந்த இடமன்று. மழையும் ஆறும் கொண்டுவந்து சேர்த்த சரளைக் களஞ்சியம். பிறந்த பாறையோடு நீலக்கல் அகப்படுவது அரிது. எலஹெரவுக்கு அருகே பக்கமூணையில் சலவைக்கல்லை அடுத்த ஸ்கார்னில் நீலக்கல் இருப்பது 1988இல் வெளியான ஆய்வில் விவரிக்கப்பட்டிருக்கிறது.

நீலக்கல் வெறும் அலுமினியம் ஒட்சைட்டு. அருகில் சிலிக்கா உபரியாக இருந்தால் அலுமினியம் அதனோடு சேர்ந்து பெல்ஸ்பாராகவோ மைக்காவாகவோ போய்விடும், நீலக்கல் பிறக்காது. சிலிக்கா நிறைந்த பெக்மடைட்டில் நீலக்கல் எதிர்பார்க்க முடியாததுதான் நியாயம். ஆனால் பெக்மடைட்டுக்குப் பக்கத்தில் சலவைக்கல் இருந்தால், அது சிலிக்காவைத் தன் பக்கம் இழுத்து டயப்சைட்டாக்கிக்கொள்கிறது. அலுமினியம் எளிதில் இடம்பெயராத பண்டம். சிலிக்கா போனபின் அது தனித்து நிற்கிறது. அந்தத் தனித்த அலுமினியம் நீலக்கல்லாகிறது. பக்கத்தில் டொலமைட்டின் மகனீசியமும் கைக்கெட்டினால் ஸ்பினெல் என்ற இன்னொரு மணிக்கல்லாகிறது. உங்கள் கடையில் நீலக்கல்லும் ஸ்பினெலும் ஒரே பொட்டலத்தில் வந்து, பிரிக்க நீங்கள் கண்ணைக் கசக்குவதற்கு இந்த உறவும் ஒரு காரணம். எனினும் இந்தக் கணக்கை வைத்துக் கண்ட சலவைக்கல் ஓரத்தையெல்லாம் தோண்டப் புறப்பட வேண்டாம். சிலிக்கா அளவுக்கு மேல் வெளியேறுவது மிகச் சில இடங்களில்தான்.

கேள்வி (பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி முதலில் புவியியலாளராக இருந்தவர் என்கிறார்கள். சலவைக்கல் பற்றி அவர் ஏதும் செய்தாரா?

பதில்: செய்தார், அதுவும் இந்தப் பக்கத்துக்கு மிகப் பொருத்தமாக. 1877இல் கொழும்பில் பிறந்த அவர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம அளவைக்குத் தலைமை தாங்கினார். அதற்கு முன்பே, 1902இல், இலங்கையின் படிகச் சுண்ணக்கற்களைப் பற்றிய அவருடைய கட்டுரை இலண்டன் புவியியற் கழகத்தின் ஏட்டில் வந்துவிட்டது. சுண்ணக்கல் மற்றப் பாறைகளைத் தொடும் ஓரங்களை அவர் கூர்ந்து பார்த்தவர். கண்டி மாவட்டத்தில் அம்பக்கோட்டைக்கு அருகேயுள்ள கங்கப்பிட்டியவில் அத்தகைய ஒரு தொடுகையிலிருந்து எடுத்த நீலநிறக் கனிமம் ஒன்று அதுவரை எவரும் அறியாததாக இருந்தது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் பிரயரும் அவரும் சேர்ந்து 1903இல் அதை விவரித்து, இத்தீவின் பழைய அரபுப் பெயரான செரண்டிப்பைக் கொண்டு செரண்டிபைட்டு என்று பெயரிட்டனர்.

இந்தக் கனிமத்தில் கல்சியமும் மகனீசியமும் அலுமினியமும் சிலிக்கனும் இருப்பதில் வியப்பில்லை. இரண்டு பக்கத்துக் கற்களும் அவற்றைக் கொடுக்கும். வியப்பு அதிலுள்ள போரன். சலவைக்கல்லில் அது பொதுவாக மிகச் சொற்பம். அதைச் செறிவாகக் கொண்டுவர ஒரு கரைசல் தேவை. உலகில் செரண்டிபைட்டு விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களில் மட்டுமே கிடைப்பதற்கு, சிலிக்கா குறைந்தும் போரன் மிகுந்தும் இருக்கும் சந்திப்பு அபூர்வமாக வாய்ப்பதே காரணம். வெள்ளவத்தை வாசகியின் பிள்ளைகள் அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் பச்சையை விட்டு நீலத்தைத் தேடட்டும்.

கேள்வி (தெகிவளையில் வசிக்கும் யாழ்ப்பாணத்தவர்): எங்கள் ஊரில் கிணறு தோண்டினால் சுண்ணக்கல்தான். அதன் அடியில் கருங்கல் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் இரண்டும் தொடும் இடத்தில் ஸ்கார்ன் இருக்க வேண்டுமே?

பதில்: இராது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்). ஆழமற்ற கடலில் சிப்பியும் பவளமும் படிந்து உண்டானது. அதன் அடியிலுள்ள பழம்பாறை அதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இறுகிக் குளிர்ந்துவிட்டது. ஆறிய கல்லின் மேல் வந்து படிந்த சுண்ணக்கல் அது. அதற்குள் எந்த மக்மாவும் நுழையவில்லை. அதனால்தான் உங்கள் வீட்டு மதிற்கல்லில் இன்றும் சிப்பியின் வரிகளைப் பார்க்க முடிகிறது. சுண்ணக்கல்லையும் களியையும் சேர்த்துக் கல்சியம் சிலிக்கேற்றாக்கி, காபனீரொட்சைட்டை வெளியேற்றும் அந்தப் பண்டமாற்று யாழ்ப்பாணத்தில் நடந்த இடம் ஒன்றுதான்: காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் உலை. சீமெந்து உலைக்கு 1,450 பாகை வரை வெப்பம் தேவைப்படுகிறது.